ஒரு கட்டை இறங்கிய பாட்டு

புனேயில் இறங்கிய அரைமணி நேரத்துக்குள் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஊரில் ஏதோ பெரிய வங்கிக் கொள்ளைக்கு ஒத்திகை நடக்கிறதோ? சாலை முழுக்க ஸ்கூட்டிகள். ஒவ்வொரு ஸ்கூட்டியிலும் ஒரு பெண். ஒவ்வொரு பெண்ணும் துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் இறுகச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டு, கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தாள். சென்னையில் ஒருத்தி இப்படிப் புறப்பட்டால் தெருமுனை தாண்டுவதற்குள் நாலு நாய் துரத்தும். இங்கே நாய்களுக்கும் பழகிவிட்டது போல.

"எதற்கு இப்படி?" என்று ஆட்டோக்காரரிடம் என் ஓட்டை இந்தியில் கேட்டேன்.

"வெயில் சாகேப். தூசி," என்றார். அப்போது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவரே திரும்பிப் பார்த்து, "யார் பின்னால் உட்கார்ந்து போகிறாள் என்று அப்பனுக்கும் தெரியாது, பாருங்கள்," என்று கண்ணடித்தார்.

நான் போக வேண்டிய விஷ்ராந்த்வாடியில் இறக்கிவிட்டு, மீட்டரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டண அட்டையை எடுத்து அதில் விரலை ஓட்டி, அதில் இருந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சண்டைக்கு என்று தொண்டையைச் செருமித் தயாராக இருந்த சென்னைக்காரனான நான் தெருவில் அநாதையாக நின்றேன்.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. சென்னையில் விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுவது என் பிழைப்பு. ஊறுகாய், கொசுவத்தி, பல்பொடி என்று எதுவானாலும் பத்து விநாடிக்குள் ஆரம்பித்து, உருகி, முடித்துக் கொடுத்துவிடுவேன். வாழ்க்கையில் முதல்முறையாக நாலு நிமிஷம் முழுசாக ஓடுகிற ஒரு பாட்டு என்னைத் தேடி வந்தது. கொடுத்தவள் வாசுகி. கோவையில் என்னோடு கல்லூரியில் படித்த நண்பனின் தங்கை. கல்யாணமாகி வந்ததிலிருந்து புனேவாசி. கணவர் கந்தசாமிக்கு லோஹேகாவில் விமானப் படையில் வேலை. என்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் என்று பெயரெடுத்தவர்.

வாசுகிக்கு டெக்கன் என்கிற பகுதியில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை. வெளிநாட்டு கார்ட்டூன்களுக்கு இடைப்படம் வரைவாள். முதல் படத்தில் அணில் மரத்தடியில் இருக்கும். கடைசிப் படத்தில் கிளையில் இருக்கும். இரண்டையும் எங்கோ ஒரு வெள்ளைக்காரர் வரைந்து அனுப்பிவிடுவார். நடுவில் அணில் ஏறுகிற படங்களை எல்லாம் இவள் போட வேண்டும். அணில் யாருடையது, எதற்கு ஏறுகிறது, மேலே போய் என்ன செய்யப்போகிறது என்று எதுவும் இவளுக்குத் தெரியாது. வருஷக்கணக்காக அணில் வாலை வளைத்து வளைத்து அலுத்துப்போய், முதலாளி ஜோஷியிடம் ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டாள், எனக்கு ஒரு முழுப் படம் கொடுங்கள் என்று. மும்பையில் ஒரு சேனல், நிகழ்ச்சிகளுக்கு நடுவே போடுவதற்கு நகர வாழ்க்கையைப் பற்றிய பாட்டுப் படங்களைத் தேடிக்கொண்டிருந்தது. ஜோஷி ஒரு படத்துக்குச் சம்மதித்தார். சனிக்கிழமை மும்பையிலிருந்து ஆள் வந்து பார்க்கும். பிடித்துவிட்டால் இன்னும் ஐந்து படங்கள், அத்தனைக்கும் வாசுகிதான் இயக்குநர். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை காலை அணில் வால்.

"வாங்கண்ணா, வாங்க! ட்ரெயின்ல தூங்குனீங்களா? மொதல்ல சாப்புடுங்க, பாட்டெல்லாம் அப்பறம்," என்று வாசலிலேயே என் பையைப் பிடுங்கிக்கொண்டாள் வாசுகி. தட்டில் போஹே வந்தது. நம் ஊர் அவல் உப்புமாதான். ஆனால் மேலே தேங்காய்ப்பூ, கொத்தமல்லி, எலுமிச்சம்பழம் என்று கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்திருந்தது. இரண்டு தட்டு உள்ளே போனது.

அவள் மகள் தீபா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் ஒரு காலில் செருப்புப் போட்ட மாதிரி நடக்கும். "மாமா, அந்த ஃபிலிம்ல வர்ற லட்கி இருக்கில்ல, அது நான்தான். பக்கா! என் ஸ்கூட்டி, என் ஸ்கார்ஃப். ஃபிரண்ட்ஸ் எல்லாருக்கும் சொல்லிட்டேன்." சொல்லிக்கொண்டே கண்ணாடி முன்னால் துப்பட்டாவை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, கொள்ளைக்குக் கிளம்பிவிட்டாள்.

படத்தின் கதை இவ்வளவுதான். முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி ஸ்கூட்டியில் ஊரைக் கடந்து போகிறாள். ஒவ்வொரு சிகப்பு விளக்கிலும் வண்டி நிற்கும். நின்றதும் சுற்றியிருக்கிற வண்டிகளின் சைலன்சர் புகை மேலே எழும்பி, அந்தந்த வண்டிக்காரர்களின் கனவாக விரியும். ஆட்டோக்காரரின் புகையில் அவர் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விடுகிறார். பஸ் டிரைவர் புகையில் பஸ்ஸை ஆற்றில் படகாக விடுகிறார். நம்முடைய பெண், புது அடுக்குமாடி வீடுகளுக்கான விளம்பரப் பலகைக்குள் ஸ்கூட்டியோடு ஏறிப் போய்விடுகிறாள். பச்சை விழுந்ததும் எல்லாருடைய கனவும் பொத்தென்று கீழே விழும். ஹாரன் சத்தம். அடுத்த சிக்னல். சேனல் இந்தியா முழுவதும் தெரியும் என்பதால் பாட்டுக்கு வார்த்தை கிடையாது. தனனா, லலலா மட்டும்தான்.

"முகத்தை ஏன் மூடிட்டே? அழகா ஒரு மூஞ்சி வரைஞ்சிருக்கலாமே?" என்று முன்னமே தொலைபேசியில் கேட்டிருந்தேன்.

"மூஞ்சி வரைஞ்சா வாயி வரையோணும். வாயி வரைஞ்சா பாட்டுக்குத் தக்கன அசையோணும். நான் ஒருத்தி எத்தனைங்கண்ணா வரையறது? அவ வாய நீங்க பாத்துக்குங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்று சொல்லியிருந்தாள்.

எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. படத்தில் அவள் சிரிக்கிறாளா, ஏங்குகிறாளா என்று காட்ட வேண்டியது என் பாட்டு. ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு நானே பாடி, தொடையில் தாளம் தட்டி, ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பினேன். அதைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் எத்தனை படம் என்று கணக்குப் போட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் வரைந்திருந்தாள். நான் அதே வேகத்தில், அதே நீளத்தில், சென்னையில் நல்ல வாத்தியக்காரர்களை வைத்து, பதினேழு வயசுப் பெண் ஒருத்தியைப் பாட வைத்து, பாட்டைப் பிசிறில்லாமல் பதிவுசெய்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். இரண்டையும் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒட்டிவிட்டு, சனிக்கிழமை வரைக்கும் ஊர் சுற்றிப் பார்த்து, பாக்கர்வடி என்ற காரப் பலகாரம் வாங்கிக்கொண்டு திரும்புவதாகத் திட்டம்.

மறுநாள் காலை வாசுகியின் ஸ்கூட்டியில், பாட்டு இருந்த பையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்தேன். அவளும் முகத்தைச் சுற்றிக்கொண்டாள். மழை. என் எடைக்கு வண்டி முனகியது. வழியில் சிக்னல் விழுந்தபோதெல்லாம் சட்டென்று என்ஜினை அணைத்து, சேலையை ஒதுக்கி, இடது காலை மட்டும் ஊன்றி, அந்த முழங்காலை ஒரு கையால் அமுக்கிவிட்டுக்கொண்டாள். காலடியில் காய்கறிப் பை. "போறப்பவே வாங்கிட்டா சாயங்காலம் ஒரு வேலை மிச்சமுங்க," என்றாள். ஹோல்கர் பாலத்துக்கு நடுவில் வண்டி படுத்துவிட்டது. உதைத்துப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம். கடைசியில் அதை ஒரு மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டு, சிக்ஸ் சீட்டர் என்ற மூன்று சக்கர ராட்சத ஆட்டோவில் ஏறினோம். பேர்தான் சிக்ஸ். உள்ளே நான் எண்ணியவரை பதினொரு பேர். எண்ண முடியாத இடத்தில் இன்னும் ரெண்டு பேர் இருந்திருக்கலாம். என் மடியில் யாரோ ஒரு முட்டைக்கோஸை வைத்துவிட்டு டெக்கன் வந்ததும் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டார்.

ஸ்டுடியோ ஓர் இனிப்புக் கடையின் மாடியில் இருந்தது. படிக்கட்டெல்லாம் நெய் வாசனை. ஒலிப்பதிவுக்காரர் மிலிந்த், ஒல்லியான மராத்திக்காரர், அவசரம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர். படத்தையும் என் பாட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓடவிட்டார்.

முதல் சிக்னல் வரை சொர்க்கம். அவள் கோட்டில் வந்து நிற்கவும், என் தபேலா தும்மென்று நிற்கவும் சரியாக இருந்தது. புகை எழும்பும்போது மட்டும் லேசாக இடித்தது. இரண்டாவது சிக்னலில் கனவு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே என் புல்லாங்குழல் கனவுக்குள் போய்விட்டது. மூன்றாவதில், அவள் விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பாட்டில் ஹாரன் அடித்துப் பச்சை விழுந்துவிட்டது. கடைசியில் பாட்டு முடிந்து, ஜாலராவும் ஓய்ந்து, அறையே நிசப்தமான பிறகும், பாவம் அவள் பாலத்தின் மேல் சத்தமில்லாமல் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். கிட்டத்தட்ட அரை நிமிஷம் ஓட்டினாள்.

"பாட்டை வேகமாக்கீட்டீங்களாங்கண்ணா?" என்றாள் வாசுகி. மெதுவாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"நானா? ஒரு மயிரிழை மாத்தல. நீ எத்தனை படம் அதிகமா வரைஞ்சேன்னு எண்ணிப் பாரு."

"நான் உங்க கேசட்ட வெச்சுத்தானுங்க வரைஞ்சேன். ஸ்டாப்வாட்ச் புடிச்சு, தட்டுக்குத் தட்டு."

"நானும் அதே கேசட்டை வெச்சுத்தான் ரெக்கார்டிங் பண்ணேன்!"

மிலிந்த் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்," என்று மராத்தியில் சொல்லிவிட்டு நழுவினார். நான் கோபித்துக்கொண்டு கீழே இறங்கி, எதிர்க்கடையில் மிசல் பாவ் சொன்னேன். கோபத்தில் இருப்பவர்கள் சாப்பிடக் கூடாத பதார்த்தம் அது. முளைகட்டிய பயறு மேல் சிவப்பாக எண்ணெய் மிதக்கும் குழம்பு. முதல் வாயிலேயே காது வழியாகப் புகை வந்தது. "குழம்பு இன்னும் வேண்டுமா? சும்மாதான்," என்று பரிமாறுபவர் வாளியோடு வந்து நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, பக்கத்து மேசைக்காரர் தன் மோரை நகர்த்தி வைத்தார். யார் என்றே தெரியாதவர். அந்த மோரோடு என் கோபமும் பாதி இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டோம். வாசுகி அரிசிம்பருப்புச் சாதம் பண்ணியிருந்தாள். நெய்யை மட்டும் வழக்கம்போல் தாராளமாக ஊற்றினாள். எனக்கு அது இன்னும் சங்கடமாக இருந்தது. கந்தசாமிதான் இறுக்கத்தைத் தளர்த்துகிற மாதிரி, "நல்லதா ஒரு நாதஸ்வரம் கேப்போமுங்க," என்று எழுந்துபோய் அலமாரி மேலிருந்த டேப் ரெக்கார்டரைத் தட்டினார்.

நாதஸ்வரம் வந்தது. அதைக் கேட்டதும் என் கை சாதத்தோடு நின்றுவிட்டது. என்னிடமும் இருக்கிற கேசட்தான் அது, எனக்கு மனப்பாடம். ஆனால் இந்த வித்வான் ஒரு கட்டை இறங்கி வாசித்துக்கொண்டிருந்தார். தவில்காரர் கல்யாணச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, திண்டில் சாய்ந்தபடி அடிக்கிற மாதிரி இருந்தது.

"இது எப்பவும் இப்படித்தான் பாடுமா?" என்றேன்.

"எப்படி?" என்றார் கந்தசாமி.

"இவ்வளவு மெதுவா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நான் கேட்டதே புரியவில்லை. என் பழைய கேசட்டை எடுத்துவரச் சொல்லி அதில் போட்டேன். வந்தது என் குரல் இல்லை. நான் ஜலதோஷம் பிடித்த என் பெரியப்பா மாதிரி பாடிக்கொண்டிருந்தேன். கைக்கடிகாரத்தை வைத்துத் தாளத்தை எண்ணினேன். சந்தேகமே இல்லை, டேப் மெதுவாக ஓடுகிறது; வாசுகி கணக்குப் போட்டதும் இதில் கேட்டுத்தான். கந்தசாமி திருப்புளி எடுத்துவந்து பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே மோட்டாரைச் சக்கரத்தோடு இணைக்கிற ரப்பர் பெல்ட், பழைய டிராயர் எலாஸ்டிக் போல் தொளதொளத்துக் கிடந்தது.

விமான என்ஜினில் ஒரு திருகு தளர்ந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர் அந்தப் பெல்ட்டை விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் ஊராக இருந்தால் ஒரே பாட்டை டீக்கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டு ரேடியோவில் என்று நாலு இடத்தில் கேட்போம். நம் வீட்டு டேப் இழுத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். விஷ்ராந்த்வாடியில் தமிழ்ப் பாட்டு என்றால் இந்த ஒரு டேப் ரெக்கார்டர்தான். அது பாடுவதுதான் பாட்டு. பெல்ட் ஒரே நாளில் தளரவில்லை. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர, இவர்கள் காதும் கூடவே தளர்ந்துகொண்டு வந்திருக்கிறது.

"அச்சா!" என்று தீபா தலையில் அடித்துக்கொண்டாள். "சென்னையில ஷாதி மண்டபத்துக்குப் போனப்ப பாட்டெல்லாம் ஜல்தி ஜல்தி ஓடுச்சு மாமா. சென்னைக்காரங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்னு நினைச்சேன்!"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். கந்தசாமியும் சிரித்தார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுக்க வாசுகி வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால், அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சிரிப்பு நின்றது.

"ஒரு வருசமுங்கண்ணா," என்றாள். "பொஸ்தகக் கணக்கா அடுக்கி வெச்சிருக்கறேன். இப்ப பாட்டுக்கு ஒட்டோணும்னா பத்துக்கு ஒண்ணு கிழிச்சு வீசோணும். எதை வீசறதுங்க?"

நான் திருத்திப் பாட வைத்துவிடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, காலையில் முதல் வேலையாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அந்தப் பதினேழு வயசுப் பாடகி, சித்தி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போய்விட்டாளாம். வாத்தியக்காரர்களில் ஒருவரும் கையில் சிக்கவில்லை. சிக்கினாலும் சனிக்கிழமைக்குள் புது ரெக்கார்டிங் பண்ணி அனுப்ப அனுமாரால்தான் முடியும்.

மறுபடி ஸ்டுடியோ. மிலிந்திடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் அவசரப்படாமல் கேட்டு, அவசரப்படாமல் சிரித்து, "கம்ப்யூட்டரில் பாட்டை இழுத்துவிடலாமே. குரல் மாறாமல் நீளம் மட்டும் கூடும்," என்றார். இழுத்தார். வெகுநேரம் யோசித்துவிட்டுக் கம்ப்யூட்டர் கொடுத்ததைக் கேட்டால், என் பாடகி கிணற்றுக்குள் உட்கார்ந்து உப்புத் தண்ணீர் கொப்புளித்தாள். அந்தக் கால மென்பொருளுக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம். அதற்குள் மணி ஒன்று. மிலிந்த் எழுந்து செருப்பை மாட்டினார். "எங்கே?" என்றேன். "வீட்டுக்கு. சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். நாலு மணிக்கு வருகிறேன்." எங்கள் தலை போகிற காரியம் என்று மன்றாடினேன். "தலை எங்கேயும் போகாது," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். கீழே இனிப்புக் கடையும் ஷட்டரை இறக்கிவிட்டது. மதியம் ஒன்று முதல் நாலு வரை இந்த ஊரில் லட்டு வேண்டும் என்று கேட்பவன்தான் மடையன்.

நாலு மணிக்கு மலர்ந்த முகத்தோடு வந்த மிலிந்த், "தூங்கும்போது ஒன்று தோன்றியது," என்றார். "உங்கள் வீட்டு டேப் என்ன செய்ததோ அதையே இங்கே செய்வோம். பாட்டை அப்படியே மெதுவாக ஓட்டுகிறேன். ஸ்ருதி இறங்கும். இறங்கட்டும்."

"கூடவே கூடாது," என்றேன். "அஞ்சரைக் கட்டையில அந்தப் பொண்ணு பாடியிருக்கா. நாலரைக்கு இறக்கினா குரலே கெட்டுடும்."

அவர் அதற்குள் ஓடவிட்டுவிட்டார். வாத்தியங்களைப் பற்றிச் சொல்லவில்லை. அவை தப்பித்துக்கொண்டன, தபேலாவுக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. ஆனால் அந்தக் குரல்! வெள்ளிக் கம்பி போலிருந்த பதினேழு வயசுக் குரல் போய், நாற்பதைத் தாண்டிய ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். கனமாக, நிதானமாக, எதையும் யாரிடமும் கேட்காமல். "நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன். "சின்னப் பொண்ணைக் கிழவியாக்கிட்டீங்களே! படத்துல வர்றது காலேஜ் பொண்ணு!"

"காலேஜ் பொண்ணுன்னு யாருங்க சொன்னா?" என்றாள் வாசுகி.

திரும்பிப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லவே இல்லீங்கண்ணா. ஸ்கூட்டி, ஸ்கார்ஃப்னதும் எல்லாரும் நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. ஜோஷி சாரும் மும்பைக்கு அப்படித்தான் எழுதிப் போட்டாரு. தீபா என்னடான்னா தானுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறா. சரி, இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

மிலிந்த் படத்தைப் புதுப் பாட்டோடு முதலிலிருந்து ஓட்டினார். அப்போதுதான் நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். சிக்னல் விழுகிறது. அவள் என்ஜினை அணைக்கிறாள். இடது காலை ஊன்றுகிறாள். அந்த முழங்காலை ஒரு கையால் அமுக்கிவிடுகிறாள். காலடியில் காய்கறிப் பை, அதில் கறிவேப்பிலை எட்டிப் பார்க்கிறது. நேற்று இதே ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்து, மழையில் நனைந்துகொண்டு, அத்தனையையும் நேரில் பார்த்தவன் நான். எந்தக் கல்லூரிப் பெண் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு கனவு காண்கிறாள்? புகை எழும்போது புல்லாங்குழல் எழுந்தது. பலகைக்குள் ஸ்கூட்டி ஏறும்போது அந்தக் கனத்த குரலும் கூடவே ஏறியது. ஒரு தட்டு முன்னே இல்லை, ஒரு தட்டுப் பின்னே இல்லை. பாட்டு முடிந்த இடத்தில் பாலம் முடிந்தது.

என் பாட்டு இவ்வளவு நல்ல பாட்டு என்று எனக்கே அதுவரை தெரியாது. "இதுதான்," என்றேன்.

சனிக்கிழமை ஜோஷி காலையிலிருந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. "கல்லூரிப் பெண்ணின் கனவுகள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் வாசுகி. இந்தக் குரலைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? பழைய பாட்டையே போட்டு, கடைசியில் கொஞ்சம் வெட்டிவிடலாமே?"

வாசுகி அவரிடம் எப்போதும் சரி சார், சரி சார் என்றே பேசுகிறவள். அன்று, "இல்லை சார். இப்படியே காட்டுங்கள். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை நான் அணில் வரைகிறேன்," என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். விரல்கள் மட்டும் புடவை நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தன.

மும்பையிலிருந்து வந்தது ஒரு அம்மாள். கத்தரித்த நரைமுடி, கைத்தறிப் புடவை, மூக்குக்கண்ணாடி. நெய் வாசனைப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்து, நாற்காலியில் அமர்ந்ததும் "ஓட்டுங்கள்," என்றார். பின்வரிசையில் கந்தசாமியும், கல்லூரிக்கு மட்டம் போட்ட தீபாவும் நானும். படம் ஓடியது. முடிந்தது. அந்த அம்மாள் ஜோஷி பக்கம் திரும்பினார். ஜோஷியின் நெற்றியில் வேர்வை.

"கல்லூரிப் பெண் என்றல்லவா எழுதியிருந்தீர்கள்?"

ஜோஷி வாயைத் திறப்பதற்குள் வாசுகி எழுந்து நின்றாள்.

"இல்லை மேடம். இவளுக்கு நாற்பத்திரண்டு வயது."

"மூன்றாவது சிக்னலில் என்ஜினை அணைக்க மறந்துவிடுகிறாளே?"

"ஆமாம் மேடம். அந்தப் பலகையைப் பார்த்ததும் மறந்துவிடுகிறாள். மற்ற எல்லா இடத்திலும் அணைப்பாள்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "இன்னொரு முறை ஓட்டுங்கள்," என்றார். இரண்டாம் முறை அவர் வலது கை தன் முழங்கால் மேல் போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். முடிந்ததும் ஜோஷியைப் பார்க்காமல் வாசுகியைப் பார்த்தே கேட்டார்: "அடுத்த ஐந்தையும் எப்போது தருவீர்கள்? இந்தப் பாட்டுக்காரரும் கூட இருப்பாரா?"

பாட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டிவிட்டார். நாகரிகம் இல்லைதான். கந்தசாமியும் தட்டினார். மிலிந்த் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு மணி ஆகப்போகிறதே என்று.

ஷட்டரை இறக்குவதற்குள் ஓடிப்போய்க் கீழே ஒரு கிலோ பேடா வாங்கினோம். பக்கத்தில் அம்ருததுல்ய, அதாவது அமுதுக்கு நிகர், என்று பெயர் போட்ட டீக்கடை திறந்திருந்தது. ஏலக்காய் போட்டு, பாயசமும் இல்லாமல் டீயும் இல்லாமல் நடுவாந்திரமாக ஒரு பானம். கந்தசாமி யார் யாரோ முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பேடா நீட்டிக்கொண்டிருந்தார். வாசுகி சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பதை நிறுத்த முடியாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

தீபா மட்டும் பேடாவைக் கையிலேயே வைத்திருந்தாள். படத்தில் இருப்பது தான் இல்லை, அம்மா என்று தெரிந்த ஏமாற்றம்போல என்று நினைத்தேன்.

"அம்மா," என்றாள் கடைசியில். "அந்த போர்டுக்குள்ள ஒரு வீடு வருதில்ல. அதுல பால்கனியில ஒரே ஒரு சேர்தான் இருக்கு."

"ஆமா."

"உள்ள டேபிள்ல ஒரு கப். கதவுகிட்ட உன்னோட சப்பல் மட்டும். நானும் பப்பாவும் எங்க?"

டீக் கிளாஸோடு கந்தசாமியும் திரும்பிப் பார்த்தார். வாசுகி வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். பதிலுக்காக அவள் தவித்ததாகவும் தெரியவில்லை. ஒரு வருஷம் வரைந்திருக்கிறாள், அது அவளுக்குத் தெரியாதா?

"நீங்க ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போயிருக்கறீங்க, கண்ணு."

தீபா பேடாவில் ஒரு கடி கடித்தாள்.

"வந்துருவோமா?"

"வராம? பொழுதோட வந்துருவீங்க."

"பெல் அடிக்கவா?"

"பெல் அடிச்சா நான் எந்திரிக்கோணுமில்ல?" என்றாள் வாசுகி. "சாவி எடுத்துட்டுப் போங்க."